உலர்த்திய பின் சுற்றி வைக்கவும்

சட்டையின் கழுத்துப்பட்டை ஈரமாக இருந்தது. இஸ்திரி போட்டு அலமாரிக் கதவின் வெளிப்புறம் மாட்டி, ஒரு வாரமாக யாரும் தொடாத சட்டை. மார்வின் ஃபைகன்பாம் அதை மூக்கருகே கொண்டுபோனார். வியர்வை நாற்றமில்லை, பாச்சை உருண்டை வாசனையுமில்லை. தூங்கி எழுந்து பல் துலக்காத ஒரு வாய், அதன்மேல் நெடுநேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது போல, புளித்த, வெதுவெதுப்பான ஈரம்.

சட்டையைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். இரண்டு முறை.

ஜனவரி ஞாயிறு, மதியம் மூன்று மணி. குவீன்ஸில் அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் பதினோரு ஆண்டுகளாகத் தலைவர். எதிர்த்து நிற்க வேறு யாருக்கும் நேரமில்லாததால் கிடைத்த பதவியை மக்கள் தீர்ப்பு என்றே நம்பிவந்தார். அக்டோபர் பதினைந்துக்குள் ஜன்னல் ஏசிகளை எல்லோரும் கழற்றிவிட வேண்டும் என்பது கட்டடத்தின் விதி. கழற்றியதை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஐந்து பக்கத்தில் சுற்றறிக்கை எழுதியவர் அவர். சாய்த்துத் தண்ணீரை வடிக்கவும். இரண்டு நாள் உலர்த்தவும். பருத்தித் துணியால் மூடவும், பிளாஸ்டிக் வேண்டாம். நிமிர்த்தியே வைக்கவும். 'வேண்டாம்' என்பதன் அடியில் இரண்டு கோடு.

கழற்றியவர்கள் குறி போட லாபியில் தொங்கிய பட்டியலில் முதல் குறி தன்னுடையதாக இருக்க வேண்டுமே என்ற அவசரத்தில், மழை பெய்த ஒரு காலையில் தன் ஏசியைச் சொட்டச் சொட்ட இறக்கி, மிச்சச் சாப்பாட்டை மூடுகிற பிளாஸ்டிக் தாளால் ஓர் உருளை முழுதும் தீரச் சுற்றி, படுக்கையறை அலமாரியில் படுக்கப் போட்டுவிட்டுக் கீழே ஓடியவரும் அவரே.

டிசம்பரில் மாடிப்படியில் நாற்றம் கிளம்பியது. தலைவர் தேடவில்லை, எழுதினார். ஐந்தாம் மாடி அம்பாரோ ரெஸ்ட்ரெப்போ வாரந்தோறும் வைக்கும் குடல் சூப்தான் காரணம் என்று எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. நேற்று அந்த அம்மாள் அதை லாபியில் எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தாள்.

"என் சூப்பு நாறுதாமே! நாளைக்கு நாலு மணிக்கு ஒவ்வொரு வீடா மோந்து பாப்போம் மார்வின். மேல இருந்து ஆரம்பிப்போம். உங்க வீட்டுல இருந்து."

"தாராளமா வாங்க. என் வீட்டுல நாறினா அந்த நிமிஷமே பதவிய விட்டுடறேன்."

கட்டடத்தைப் பராமரிக்கும் அல்பேனியக்காரன் பெஸ்னிக் துடைப்பக் கட்டையில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "எழுதிக் குடுங்க தலைவரே. உங்களுக்குத்தான் எழுத்து நல்லா வருமே."

இன்னும் ஒரு மணி நேரம். ஏசியைக் குளியல் தொட்டிக்கு இழுத்துப்போய், தாளைக் கிழித்து, தண்ணீரை வடித்து, பிளீச் ஊற்றித் தேய்த்துவிட்டால் மானம் தப்பும். கத்தரிக்கோலும் கையுறையுமாகப் படுக்கையறைக்குள் போனார். ஜன்னலடியில் அறையைச் சூடாக்கும் நீராவிக் குழாய் உஸ்ஸென்று நெடுநேரம் சீறி, அறையெங்கும் கஞ்சி கொதிக்கிற வீட்டின் புழுக்கத்தைப் பரப்பி ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் ஓர் ஓசை ஓயவில்லை. சளி கட்டிய மார்பு இழுப்பது போல, மெதுவாக, கொழகொழவென்று, அலமாரிக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கதவைத் திறந்தார்.

நாற்றம் மூக்கில் ஏறவில்லை, நாக்கில் உட்கார்ந்தது. தொங்கிய கோட்டுகளின் நுனிகளில் பழுப்பாக ஏதோ பாகுபோல் கோத்து நின்றது. கீழே மூட்டை. பிளாஸ்டிக்கின் உட்புறமெல்லாம் பனித்திருந்தது, மழைநாளில் ஆட்கள் நிறைந்த காரின் கண்ணாடி மாதிரி. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் மயிரும் பஞ்சுமாக ஒன்று தாளோடு ஒட்டிப் படர்ந்திருந்தது. தாள் உப்பியது. பிறகு உள்ளே ஒட்டியது. உப்பியது.

குழாய்ச் சூடு, காற்று விரிகிறது, அவ்வளவுதான் என்று தமக்குத் தாமே சுற்றறிக்கை விட்டுக்கொண்டார்.

மூச்சை அடக்கிப் பார்த்தார். தாள் நின்றது.

மூச்சை விட்டார். தாள் உள்ளே ஒட்டியது, உறிஞ்சுவது போல.

கோடை நான்கு மாதமும் அவர் தூக்கத்தில் விட்ட மூச்சை, உதிர்த்த தோலை, இருமித் தெறித்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு கிடந்தது அந்த இயந்திரம்தான். வடிகட்டியை அவர் ஒருமுறைகூடக் கழுவியதில்லை. கழுவச் சொல்லி அவரே சுற்றறிக்கையில் எழுதியிருந்தார், மூன்றாம் பக்கம், நான்காவது குறிப்பு. கழுத்துப்பட்டையில் இருந்த வாய் நாற்றம் யாருடையது என்று அவருக்கு இப்போது தெரிந்தது. ஒவ்வொரு காலையும் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்க்கிற நாற்றம். அவருடையது.

கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. குனிய மனம் வரவில்லை.

வாசல் மணி அடித்தது.

"தலைவரே! இருக்கீங்களா?"

"அரை மணி முன்னாடியே வந்துட்டோம் மார்வின்," அம்பாரோவின் குரல். "ஐயோ, என்ன கண்றாவி இது! பெஸ்னிக், இது என் சூப்பாடா?"

"உங்க சூப்ப நான் குடிச்சிருக்கேன்மா. இது அது இல்ல. தலைவரே, சாவி என்கிட்ட இருக்கு. தொறக்கட்டுமா? வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தொண்டையில் ஏதோ குறுக்கே கிடந்தது, மெத்தென்று. விழுங்கினார். போகவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு விரலை உள்ளே விட்டார். வழுக்கலாக ஒரு நுனி தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தார். சாம்பல் நிறத்தில், ஊறிய பஞ்சுத் திரி. ஒரு சாண் வந்தது. குமட்டியது. இன்னும் ஒரு சாண். முடியவில்லை அது. அடிவயிற்றில் எங்கோ கொக்கி போட்டது போல் இழுபட்டது.

"சொல்ல மாட்டேங்கறாரேம்மா."

"தொறடா."

சாவி பூட்டுக்குள் நுழையும் ஓசை. அவர்கள் வருவதற்குள். அதற்குள் பிடுங்கிவிட வேண்டும். திரியை இரண்டு கையாலும் பற்றினார். கண்ணில் நீர் முட்ட, பலமாக இழுத்தார்.

அலமாரிக்குள் மூட்டை ஒரு சாண் முன்னால் நகர்ந்தது.

மறுபடி இழுத்தார்.

மறுபடி நகர்ந்தது.