நாற்பத்தொன்றாவது கேள்வி

மழைக்கு ஒதுங்கி ஷேர் ஆட்டோவில் ஏறியவன் ஏலவார்குழலியின் குடை மேலேயே உட்கார்ந்தான்.

“பார்த்து உக்காருபா.”

திரும்பினான். இமையில் மழைத்துளி... உள்ளே தூங்காத கண்கள். அவள் சட்டென்று போனுக்குத் திரும்பிக்கொண்டாள். மறுமுனையில் தோழி புவனேஸ்வரி.

“காலேஜ் வாத்தியார் வேலைக்கு எழுதின பரீட்சை, ஒரு மார்க்குல போச்சு புவனா. நாப்பத்தொண்ணாவது கேள்வி. புரோட்டானோட ஸ்பின், அதான் தற்சுழற்சி, எங்கேருந்து வருதுன்னு கேட்டுட்டு, உள்ள இருக்கற மூணு குவார்க்கோட ஸ்பின் மட்டும்தான்னு ஆன்சர் கீயில விடை போட்டு வெச்சிருக்கான். அதுங்க தர்றது சுமார் மூணுல ஒரு பங்குதான்னு தெரிஞ்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆவுது. மீதி அதுங்களை ஒட்டி வெக்கிற குளூவான்லயும், உள்ள எல்லாம் சுத்திக்கினு ஓடுறதுலயும் இருக்குது. போட்டவன் மட்டும் கையில கிடைச்சா...”

“கிடைச்சா?” என்றான் பக்கத்திலிருந்தவன்.

போனை வைத்தாள்.

“புத்தகத்துல அப்படித்தாங்க இருக்குது. ஒவ்வொண்ணும் அரை. ரெண்டு மேல, ஒண்ணு கீழ. கழிச்சா அரை. கணக்கு சரியா வருதே,” என்றான்.

“கணக்கு வந்தா உண்மை ஆயிடுமா? எங்கப்பா பட்டு நூல் முறுக்குறவரு. முறுக்கு ஒவ்வொரு இழைக்குள்ள மட்டுமா இருக்குது? இழைங்க ஒண்ணையொண்ணு சுத்திக்கினு போவுதே... அது?”

அவன் காது சிவந்தது. “விடை போட்டது நான்தான். தினகரன். அந்தக் காலேஜ்ல ஃபிசிக்ஸ் எடுக்கறேன். லிஸ்ட் வந்தாச்சு, இனிமே மாத்த முடியாது.”

“முடியாதா... மனசு வரலையா?”

அவன் பாதி வழியிலேயே மழையில் இறங்கிப் போனான்.

என்ன திமிர். இரண்டு வருடம் ராப்பகலாகப் படித்தது ஒருவனின் சோம்பலில் கரைந்து போக வேண்டுமா? மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாளும் அவன் ஏறிய அதே ஆட்டோ ஸ்டாண்டில், வந்த ஆட்டோக்களை விட்டுவிட்டு நின்றாள். எதற்கென்று கேட்டால் அதற்கும் கோபம் வந்திருக்கும்.

நான்காம் நாள் தூறலில் வந்தான். கையில் ஒரு தாள். கல்லூரி முதல்வருக்கு அவன் எழுதிய கடிதத்தின் நகல்.

‘நாற்பத்தொன்றாவது கேள்விக்கு நான் தந்த விடை தவறு. படிக்காமல் போட்டது என் குற்றம். பட்டியலைத் திருத்த வேண்டுகிறேன்.’

“இன்னிக்குக் காலையில குடுத்தேன். அவங்க ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. எனக்கு மெமோ வரும், அது நிச்சயம்.” முகத்து மழையைத் துடைத்தான். “மூணு நாளா அதைப் பத்தித்தான் படிச்சேன். நடுநடுவுல உங்க குரல்தான் கேட்டுக்கினு இருந்தது... இன்னும் கோபமா?”

“கோபம்தான். ஆனா அதுல மூணுல ஒரு பங்குதான் அந்த மார்க்குக்கு.”

“மீதி?”

அவள் குடையை விரித்து, பாதியை அவன் பக்கம் சாய்த்தாள்.

“மூணு நாளா இங்க நிக்கறேன்... நீங்க வரவே இல்லையே.”