திருப்பித் தரக் கூடாத சட்டி

“தாங்யுவான்! உனக்குக் கஷாயம் காய்ச்சி ஊத்துறாளே ஒரு மகராசி, அவகிட்ட கேட்டுச் சொல்லு... நாலு மாசமாச்சே, கட்டி கடுகளவாவது குறைஞ்சிருக்கான்னு கேளு!”

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் குய்ஜென் நாயைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் அந்தப் பேச்சு போய்ச் சேர வேண்டிய இடம் அடுப்படி என்பது நாய்க்கே தெரியும். அது தலையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது.

அடுப்படியில் யுன்சியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி ஏழுகூட ஆகவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து, மூலிகைப் பொட்டலத்தைப் பிரித்து ஊறப்போட்டு, முதல் கொதி இறக்கி, இரண்டாம் கொதிக்குத் தண்ணீர் விட்டு, அடிபிடிக்காமல் பார்த்தபடி நிற்கிறாள். ஒரு பக்கம் கஞ்சி பொங்குகிறது. பன்றி ஈரல் இன்னும் வேகவில்லை. கஷாயத்தை ஊற்றிய கையோடு ஒரு துண்டு ஈரலைக் காட்டினால்தான் பாதியாவது உள்ளே போகும். மீதிப் பாதியை நாய் அவள் மேலேயே துப்பும். இந்த நாலு மாதத்தில் கறைபடாத மேல்சட்டை ஒன்றுகூட அவளிடம் மிச்சமில்லை.

இத்தனைக்கும் நாய் அவளுடையதா? அதுவும் இல்லை. புருஷன் பெய்மிங்கின் அக்கா குய்ஜெனுடையது. இந்தச் செங்டு நகரத்துப் பழைய குடியிருப்பில் அக்காவுக்கு ஆறாவது மாடி; லிஃப்ட் கிடையாது. அக்காவுக்கு முழங்கால் வலி. நாய்க்குப் பதின்மூன்று வயது, தாடைக்கடியில் புற்றுக்கட்டி. விலங்கு ஆஸ்பத்திரியில் “இந்த இதயம் மயக்கமருந்தைத் தாங்காது” என்று கையை விரித்துவிட்டார்கள். பிறகுதான் வைத்தியர் கோங்கிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் நாயின் பின்னந்தொடையின் உட்புறம் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடி நாடி பார்த்தார். வாயைத் திறந்து நாக்கின் நிறம் பார்த்தார்.

“கட்டி கரையும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்மா. இருக்கிற வரைக்கும் சாப்பிடட்டும், தூங்கட்டும். அதுக்குத்தான் இந்த மருந்து. ஆனா மண்சட்டியில, ரெண்டு கொதி, வேளை தவறக் கூடாது” என்றார்.

தரைத்தளத்தில் குடியிருப்பவள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், எது சொன்னாலும் எதிர்த்துப் பேசாதவள் யார்? நாய் யுன்சியா வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு ஒரு நன்றி உண்டா? குய்ஜென் அவள் பெயரை உச்சரித்தே ஆறு வருஷமாகிறது. நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. முன்பெல்லாம் தம்பியிடம் சொல்லிவிடுவாள், அவர் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்லுவாள். நாய் வந்த பிறகு ரொம்ப வசதியாகிவிட்டது.

யுன்சியா அடுப்பைத் தணித்துவிட்டுக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“அண்ணி, கட்டி கரையும்னு வைத்தியர் என்னிக்குமே சொல்லலையே! எழுந்து நிக்காத நாய் இப்ப முற்றத்து மரம் வரைக்கும் நடக்குது. ராத்திரி முனகுறது நின்னுபோச்சு. அதைக் கொஞ்சம் பாருங்களேன்...”

“கேட்டியா தாங்யுவான்? உன் எஜமானருக்கும் இதே பாட்டுத்தான் பாடினா. ‘நல்லாச் சாப்பிடுறாரு அண்ணி, நல்லாத் தூங்குறாரு அண்ணி’ன்னு... எங்க போய்ச் சேர்ந்தாரு? சாம்பலாப் போய்ச் சேர்ந்தாரு! அவர் வளர்த்த உன்னையும் அதே கையில குடுத்துட்டு நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமா? போதும். இன்னிக்கே மேல கொண்டுபோறேன். கஷாயமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!”

“ஆறு மாடியா! அதால படி ஏற முடியாது அண்ணி, உங்களால தூக்கவும் முடியாது. இப்ப மருந்தை நிறுத்தினா அது மறுபடியும் சாப்பாட்டைத் தொடாது. பட்டினியாக் கிடந்து...”

“பட்டினி கிடந்தாலும் என் மடியில கிடக்கட்டும்!”

மேஜையருகே பெய்மிங் கஞ்சியில் ஊறுகாய்க் காய்கறியைக் கலந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். சாலையில் எந்தச் சண்டையையும் ஒதுங்கிக் கடந்துபோய்ப் பழக்கம்.

“காலங்காத்தால எதுக்கு ரெண்டு பேரும்... அக்கா நாய், அக்கா கொண்டுபோறாங்க. விடேன் யுன்சியா, உனக்கும் வேலை மிச்சம்.”

யுன்சியா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கரண்டியை எறிந்துவிடலாம்போல இருந்தது. யாருக்காக இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாளோ, அந்த மனுஷன் கஞ்சி குடித்துக்கொண்டு ‘விடேன்’ என்கிறார்!

விஷயம் ஒரு கஷாயச்சட்டி. இந்தப் பக்கத்தில் யாரும் கஷாயச்சட்டியைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. நோயை வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாக ஆகிவிடும். இருப்பவர் வீட்டிலிருந்து இரவல் வாங்குவார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டார்கள். அடுத்து வேண்டியவர் தாமே வந்து எடுத்துப்போவார். கொண்டுபோய்க் கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுத்ததாக அர்த்தம். இது குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும், பெய்மிங்கைத் தவிர. வாரத்தில் ஆறு நாள் சாலையிலேயே கழித்தவருக்கு அடுப்படிச் சங்கதி எதுவும் காதில் ஏறியதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் குய்ஜெனின் புருஷனுக்கு வயிற்றில் புற்று. குய்ஜென் ஆஸ்பத்திரியே கதியென்று கிடக்க, அவள் வீட்டுச் சட்டியை வாங்கிவந்து தினமும் காய்ச்சிச் சுடச்சுடக் கொண்டுபோனவள் யுன்சியா. அவர் சற்றுத் தேறி வீடு திரும்பினார். அன்றைக்குப் பெய்மிங், “மாமாவுக்குத்தான் நல்லாயிடுச்சே” என்று, யுன்சியா கடைக்குப் போன நேரம் பார்த்துச் சட்டியைத் தேய்த்து அக்கா வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒரே மாதத்தில் நோய் திரும்பியது. ஆள் போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று மாடிப்படியில் வைத்து, வேறு யார் காதிலும் விழாமல், குய்ஜென் சொன்னாள்: “சட்டியோட நோயையும் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டேல்ல... நல்லா இரு.” அதுதான் அவளோடு நேரில் பேசிய கடைசிப் பேச்சு.

நான் வைக்கவில்லை அண்ணி, உங்கள் தம்பிதான் வைத்தார் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் பெய்மிங் அப்போதுதான் மாரடைப்பு வந்து, நெஞ்சில் குழாய் வைத்துப் படுத்து எழுந்திருந்தார். தாயில்லாமல் அக்கா கையில் சோறு தின்று வளர்ந்தவர். தான்தான் மாமாவுக்கு எமனாகிவிட்டோம் என்று தெரிந்தால் அந்த நெஞ்சு தாங்குமா? யுன்சியா விழுங்கிக்கொண்டாள். சட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றுகூட அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் தெரிந்துபோகுமே! இரண்டு பொம்பளைகளுக்குள் என்னவோ மனத்தாங்கல் என்று அவரும் இருந்துவிட்டார்.

குய்ஜென் நாயின் கழுத்துப் பட்டியைத் தேடிக் கட்டத் தொடங்கினாள். நாய் எழவில்லை. அவள் குனிந்து தூக்கப் பார்த்தாள், முழங்கால் மடங்கவில்லை. யுன்சியா பிடிக்கப் போனாள். “தொட வேணாம்னு சொல்லு தாங்யுவான், தொட வேணாம்னு சொல்லு!” என்று கத்தினாள் குய்ஜென். இழுத்தாள், மூச்சு வாங்கினாள், தரையில் உட்கார்ந்து அழுதாள், மறுபடி எழுந்தாள். இப்படியே கால் மணி போயிருக்கும்.

ஈரல் ஞாபகம் வந்து யுன்சியா அடுப்படிக்குள் ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. கஷாயம் ஒரு நூடுல்ஸ் கிண்ணத்தில் பத்திரமாக வடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் மூலிகைச் சக்கை. சட்டியைக் காணோம்.

பெய்மிங்கின் நாற்காலியும் காலி.

“ஐயோ!” என்று அவள் வாசலுக்கு ஓடுவதற்குள் முற்றத்தில் கூச்சல் கிளம்பிவிட்டது.

“எந்தக் கடங்காரன் வேலை இது! என் மருமகளுக்கு எட்டு மாசம்! வாசலைத் திறந்ததும் முதல்ல கண்ணுல படுறது இதுவா?”

எதிர்வீட்டு ஹௌ அம்மாதான். அவளிடமிருந்துதான் யுன்சியா நாய்க்காகச் சட்டியை இரவல் வாங்கியிருந்தாள். அவள் வாசற்படியில் அந்த மண்சட்டி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதைத் தொட யாருக்கும் துணிவில்லை. உள்ளே மருமகள் விசும்பும் சத்தம் கேட்டது. முற்றத்துக் குழாயடியில் பெய்மிங் ஈரக் கையோடு ஒன்றும் புரியாமல் நின்றார். சத்தம் கேட்டுக் குய்ஜெனும் நொண்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“என்னம்மா தப்பு? எடுத்த சாமானை எடுத்த இடத்துல வைக்கிறது ஒரு தப்பா?” பெய்மிங்குக்கும் கோபம் வந்துவிட்டது. “நாய் மேல போகுது, இனிமே சட்டி எதுக்கு? நான் என்ன அழுக்கோடயா வச்சேன்? மணல் போட்டுத் தேய்ச்சுத்தான் வச்சேன்! எங்க அக்கா சட்டியைக்கூட அப்படித்தான் தேய்ச்சு அவங்க வாசல்ல வச்சேன். அவங்க ஒரு வார்த்தை சொல்லலையே!”

யுன்சியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“எந்தச் சட்டி?” குய்ஜெனின் குரல் எழும்பவே இல்லை. “எப்போ?”

“மாமா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்குத்தான். இவ கடைக்குப் போயிருந்தா... ஏன்க்கா?”

“மடையா!” என்றாள் ஹௌ அம்மா. “கஷாயச்சட்டியைத் திருப்பிக் குடுத்தா நோயைக் குடுத்தது மாதிரிடா! உனக்கு யாருமே சொல்லலையா?”

பெய்மிங் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்ல மெல்ல விளங்கியது. குழாயடித் திண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அப்ப... மாமா... நானாக்கா? நானா?”

குய்ஜென் முழங்கால் வலியை மறந்து ஓடிப்போய்த் தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். “இல்லடா... அழாதேடா... உனக்கு என்ன தெரியும்? சட்டியாடா ஆளைக் கொல்லும்? ஈரல் வரைக்கும் பரவிடுச்சுன்னு டாக்டரே சொன்னாரே... நீ என்னடா பண்ணுவே, என் கண்ணு...”

யுன்சியா பார்த்துக்கொண்டே நின்றாள். பயந்தது நடக்கவில்லை, புருஷன் நெஞ்சு தாங்கிக்கொண்டது. நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஆறு வருஷமாக அடிவயிற்றில் கிடந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி மேலே வந்தது.

“ஓஹோ!” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “சட்டி ஆளைக் கொல்லாதா அண்ணி? இது எப்போ தெரிஞ்சது உங்களுக்கு? இப்பவா? தம்பின்னதும் தெரிஞ்சுபோச்சா? எனக்கு ஆறு வருஷம்... அவருக்கு ஆறு நிமிஷம்கூட இல்லையே!”

“யுன்சியா...” என்று பெய்மிங் எழப் பார்த்தார்.

“நீங்க உட்காருங்க! உங்களுக்காகத்தான் வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்தேன். விசேஷத்துக்குப் போனா எனக்கு மட்டும் முதுகைக் காட்டி உட்காருவாங்க. நான் சமைச்சதை ‘வேணாம்’னு நாய்கிட்ட சொல்லுவாங்க. அண்ணனுக்குத் தொண்ணூறு நாள் காய்ச்சினேன் அண்ணி, தொண்ணூறு நாள்! கை பொத்துப் போயிருச்சு. அந்தக் கைதான் அவரைக் கொன்னுதுன்னீங்க. அதே கையால உங்க நாய்க்குக் காய்ச்சினேன். ஏன் தெரியுமா? அண்ணன் போறதுக்கு முந்தின நாள், ‘தாங்யுவானைப் பார்த்துக்கம்மா’ன்னு என்கிட்டத்தான் சொன்னாரு. உங்ககிட்ட இல்ல!”

ஹௌ அம்மாகூடத் தன் சட்டியை மறந்து நின்றாள்.

குய்ஜெனின் கை தம்பியின் தலையிலிருந்து நழுவியது. பழக்கத்தில் கண் நாயைத் தேடியது, சுவருக்குப் போனது, தம்பிக்குப் போனது. கடைசியில் யுன்சியாவின் முகத்தில் வந்து நின்றது.

“ஏண்டி... ஏண்டி என்கிட்ட சொல்லல?”

“சொன்னா உங்களுக்குன்னு இருக்கிற ஒரே தம்பியும் இல்லாமப் போயிருப்பாரோன்னு பயந்தேன்.” யுன்சியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத்தான் நீங்க அவரை இவ்வளவு லேசா மன்னிப்பீங்கன்னு தெரியாமப் போச்சு.”

குய்ஜென் தாங்கித் தாங்கி நடந்து ஹௌ அம்மா வாசலுக்குப் போனாள். யாரும் தொடாத அந்தச் சட்டிக்கு முன்னால் நின்று, உள்ளே இருக்கும் மருமகளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“ஹௌ அம்மா, எங்க வீட்டுல ஒரு நோயாளி இருக்கு. இந்தச் சட்டியை எனக்கு இரவல் குடுங்க. இதோட வந்தது எதுவா இருந்தாலும் என்கூடவே வரட்டும். உங்க வீட்டுக்கு ஒண்ணும் வேணாம்.”

இரவல் கேட்டு எடுத்துப்போனால், வந்த தோஷம் எடுத்தவரோடு போய்விடும். ஹௌ அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எடுத்துக்குங்க அக்கா... எடுத்துக்குங்க” என்றாள். குய்ஜென் குனிய முடியாமல் குனிந்து சட்டியை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பெய்மிங் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

“நீ தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்!”

அவள் நேராக யுன்சியாவின் அடுப்படிக்குப் போனாள். ஆறு வருஷமாக அந்த அடுப்படி வாசலைத் தாண்டியதில்லை. சட்டியை அடுப்பில் வைத்து, ஆறிப்போன கஷாயத்தை அதில் ஊற்றிச் சூடாக்கினாள். யுன்சியா ஈரலை நறுக்கினாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

“நான் ஊத்துறேன்” என்றாள் குய்ஜென். “எப்படின்னு சொல்லு.”

“கடைவாய்ப் பக்கமா விடணும் அண்ணி. முகத்துக்கு நேரா உட்காராதீங்க.”

நாலு மாதமாகக் குறை மட்டுமே சொன்ன குய்ஜெனுக்கு இந்த யோசனை எங்கே காதில் ஏறும்? தாங்யுவானுக்கு நேர் எதிரே கால் நீட்டி உட்கார்ந்து, அதன் தலையை மடியில் இழுத்துக் கஷாயத்தை ஊற்றினாள். நாய் பொறுமையாக வாயில் வாங்கிக்கொண்டது, ஒரு கணம் யோசித்தது, பிறகு மொத்தத்தையும் அவளுடைய புதுச் சாம்பல்நிறக் கோட்டின் மேல் புஸ்ஸென்று துப்பியது. முகத்திலும் பாதி.

தாடையிலிருந்து கருப்பாகச் சொட்டும் கஷாயத்தோடு குய்ஜென் நிமிர்ந்து பார்த்தாள். இது தினம் இரண்டு வேளை, நாலு மாதமாக என்ற கணக்கு அவள் கண்ணில் ஓடுவது தெரிந்தது. உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“யுன்சியா...” என்றாள். “ஒரு துணி கொண்டாம்மா.”

யுன்சியா கையிலிருந்த ஈரலைக் கீழே வைத்தாள். வேண்டியது ஒரு கந்தைத்துணிதான். கண் நிறைந்து நின்றதால் கைக்கெட்டும் கொடியில் கிடந்ததை எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.