கல் பிடித்த கை

வாத்து இறகு நுழையவில்லை.

நேற்று வரை, தூசி தட்டும்போது, நுழைந்தது. பிரபு ஃபுல்க் உயிரோடிருந்தபோதே தனக்கும் மனைவி ஹாவிசுக்குமாகத் தேவாலயத்துக்குள் செய்துவைத்த கல்லறை அது. மேலே இருவரின் பளிங்குச் சிலைகளும் கைகோத்துப் படுத்திருந்தன. உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கு விடச் சொன்னவர் பிரபுவேதான்; அவசரத்துக்கு வாள் உருவ வேண்டுமாம். போன குளிர்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். ஹாவிசின் இடம் இன்னும் காலி.

"தூசி அடைச்சிருக்கும், எம்மட்."

"தூசியா, சீமாட்டி?" பணிப்பெண் இறகை மறுபடி குத்திப் பார்த்தாள். "நம்ம பிரபு கோவத்துல பிடிப்பாரே, அந்தப் பிடிதான் இது!"

ஹாவிஸ் சிரிக்கவில்லை. அந்தப் பிடி அவள் மணிக்கட்டுக்குத் தெரியும்.

சிலையின் காலடியில் கல் நாய்மேல் சவாரி செய்துகொண்டிருந்த நான்கு வயது மகள் சிபில் கேட்டாள்: "அம்மா, உனக்கு வலிக்கலையா?"

"அது கல்லுடி, கண்ணு."

இன்று ஹாவிசுக்கு வாரினோடு திருமணம். சிபிலைப்போலத் தகப்பனில்லாத வாரிசின் காவல் அரசருக்கு. அரசர் அதை வாரினுக்குக் கொடுத்துவிட்டார். அவனைக் கட்டிக்கொண்டால் சிபில் தாயின் மடியில் இருப்பாள். இல்லையென்றால் தாயைப் பிரிந்து அவன் குதிரையில் போவாள். சம்மதமா என்று பாதிரியார் கேட்கத்தான் செய்வார். மரியாதைக்கு.

சிபிலைக் கல்லறையருகே எம்மட்டிடம் விட்டுவிட்டு, திருமணம் நடக்கும் தேவாலய வாசலுக்கு வந்தாள். மூடுபனிக்குள் நனைந்த கம்பளியும் குதிரை வியர்வையும் அணைந்த மெழுகுத்திரியும் கலந்து நாறின. பாதிரியாரின் முணுமுணுப்புக்கு அடியில், முதுகுக்குப் பின்னால், இருட்டுக்குள்ளிருந்து, திரிகையில் தானியம் தீர்ந்த பிறகும் யாரோ விடாமல் சுற்றுவதுபோலக் கல்லும் கல்லும் உரசும் சத்தம் மெல்ல மெல்ல வந்துகொண்டே இருந்தது.

வலது கை மரத்தது. விரல்கள் தாமாக மடங்கின.

"என்ன ஹாவிஸ், கைய மூடி வெச்சிருக்க?" வாரின் பல்லைக் காட்டினான். "தர மனசில்லையா? பாவம், ஊரே குளிர்ல நடுங்குது, சட்டுனு குடு."

கூட்டம் சிரித்தது. அவள் இழுத்தாள். விரல் அசையவில்லை. எலும்பு நொறுங்கும் வலி. மணிக்கட்டு வரை பளிங்கு வெளுப்பு.

உரசல் நின்றது.

கை விட்டது. சட்டென்று. சூடான ரத்தம் விரல் நுனி வரை ஓடியது. அழுகை வருமளவுக்கு நிம்மதி. கையைக் கொடுத்தாள். "சம்மதம்" என்றாள். மோதிரம் ஏறியது.

அப்போதுதான் பார்த்தாள். கூட்டத்தின் முன்வரிசையில் எம்மட். வாயெல்லாம் சிரிப்பு. கையில் வாத்து இறகு.

"குழந்தை எங்கடி?"

"உள்ளதான், சீமாட்டி. விளையாடிட்டு..."

ஓடினாள்.

பளிங்கு ஹாவிசின் கை விரிந்து கிடந்தது. காலியாக. பளிங்குப் பிரபுவின் கை மூடியிருந்தது. இரண்டு சிலைகளுக்கும் நடுவே, அந்தப் பிடிக்குள் கையோடு, முழங்காலிட்டு, சிபில்.

"உனக்கு வலிக்கும்னு... நான் என் கைய..."

முழங்கை வெள்ளை. தோள். கழுத்து.

ஹாவிஸ் அவள் முகத்தைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. கன்னத்தில் வழிந்துகொண்டிருந்த ஒரு துளி, பாதி வழியில், வெள்ளையாக நின்றிருந்தது.