ஒன்றும் உடையாத திங்கட்கிழமை

"நிறுத்துய்யா... நிறுத்துன்றேன் இல்ல... யோவ்!"

சிவந்தி கத்தி முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் கடைக்குள் வந்துவிட்டது. வாசலில் கயிறு கட்டி மாட்டியிருந்த ஏழு புனல்கள், மூன்று மண்ணெண்ணெய் டின்கள், நேற்றுத்தான் வேலை முடிந்த ஒரு ராந்தல்... எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ஐப்பசி மழையின் இரைச்சலையும் மீறிக் கல்மண்டபம் தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டியில் உட்கார்ந்திருந்தவன் தலையில் ஒரு புனல் கவிழ்ந்திருந்தது.

அவன் புனலை எடுத்தான். இமையில் மழைத்தண்ணீர் சொட்ட, இரண்டு பெரிய கண்கள்... தப்பு செய்துவிட்டு முழிக்கிற கண்கள். சிவந்திக்கு ஒரு நிமிஷம் திட்டுவதற்கே மறந்துபோனது. அப்புறம் ராந்தலைப் பார்த்தாள். நினைவு வந்துவிட்டது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"கண்ணு சரியாத்தாம்மே கீது. கிளட்ச் ஒயரு புட்டுக்கிச்சி. நான் இன்னா பண்ண?"

"பிரேக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதுவும் கொஞ்சம்... இறுக்கமாத்தான் கீது."

தேசப்பன் என்று பெயர். காசிமேட்டுக் குப்பத்துப் பையன். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போக, இவன் மட்டும் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். உப்பு ஏற்றும் கப்பல்களின் காகிதங்களை அத்திப்பட்டு உப்பளத்துக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதற்காகக் கம்பெனி கொடுத்ததுதான் இந்த வண்டி. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்டுப் போன கிழட்டு மோட்டார் சைக்கிள். வண்டியைப் பார்த்துக்கொள்வது ஓட்டுகிறவன் பொறுப்பு. தேசப்பனும் வீட்டு வாசலில் சாக்கு விரித்து, எல்லாவற்றையும் கழற்றி, தானே பார்த்துக்கொண்டான். அதுதான் வினை.

கடை சிவந்தியின் அப்பா ராசையாவுடையது. தகரத்தை வெட்டி வளைப்பது அவர் வேலை. ஈயம் பற்ற வைப்பது அவள் வேலை. முப்பது வருஷம் தகரம் தட்டித் தட்டி ராசையாவுக்குக் காது மந்தம். இத்தனை களேபரத்துக்கும் அவர் உள்ளே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சிவந்தி அறுந்துபோன ஒயரை வாங்கிப் பார்த்தாள். கம்பியின் முனையில் சின்னதாக ஒரு பித்தளைக் குமிழ் இருக்க வேண்டும். கைப்பிடி இழுப்பது அந்தக் குமிழைத்தான். அது கழன்று வந்திருந்தது. கம்பியை மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா நாத்தம் இது?"

"மீன் எண்ணெ. எங்கம்மா காச்சினது. சுறா ஈரல்ல... சோக்கா இருக்கும்." அவன் பெருமையாகச் சொன்னான். "எங்க மீன்புடி போட்டுக்கெல்லாம் அத்தத்தான் பூசறோம். ஒயருக்குள்ளயும் ஊத்தினேன்."

சிவந்தி எட்டிப் பார்த்தாள். வண்டியின் பின்சக்கரத்தைச் சுற்றி நான்கு பூனைகள் மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தன.

"ஏன்யா... போட்டுக்குப் பூசினா அது காஞ்சி தோலு மாதிரி ஒட்டிக்கும். தண்ணி உள்ள போவாது. அதுக்குத்தானே பூசறீங்க? அதையே ஒயருக்குள்ள ஊத்தினா ஒட்டிக்காதா? ஒயரு எப்டி ஓடும்? இறுக்கி இறுக்கிப் புடிச்சா குமிழு புட்டுக்கினுதான் வரும்!"

"எங்கம்மா எண்ணெயக் கொற சொல்லாத மே."

"அப்ப எங்கம்மா பெத்த பொண்ணாண்ட ஏன் வந்தே?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்காத மாதிரி சிவந்தி குனிந்து அடுப்பை ஊதினாள். கன்னம் சுட்டது அடுப்பினால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கம்பியின் முனையைத் துடைப்பம் போல விரித்து, குமிழுக்குள் நுழைத்து, ஈயம் பிடிப்பதற்காகத் திராவகம் தொட்டு, ஈயம் ஊற்றினாள். அவன் குறடால் கம்பியை நேராகப் பிடித்துக்கொண்டான். இரண்டு தலைகளும் அடுப்பின்மேல் ஒரு சாண் தூரத்தில்... மழை ஓட்டின்மேல் சடசடத்தது.

"இந்த ஈயப்பத்து இனிமே உடவே உடாது. எங்கனா எழுதி வெச்சிக்கோ."

எட்டாம் நாள் விட்டுவிட்டது.

"இன்னா ஒடஞ்சிது?" உள்ளேயிருந்து ராசையா கேட்டார்.

"அதேதான் மேஸ்திரி!" என்று தேசப்பன் கத்தினான்.

"உன் எண்ணெதான் காரணம்" என்றாள் சிவந்தி. "உன் ஈயந்தான் காரணம்" என்றான் அவன். மறுபடி பற்ற வைத்தாள். பத்து நாள் தாங்கியது. மறுபடி வந்தான். பூனைகளும் வந்தன.

"புது ஒயர் வாங்கிப் போட்டா இன்னா?"

"சீமைலேருந்து கப்பல்ல வரணும் மே. கம்பெனில எழுதிப் போட்டுக் கீறாங்க. மூணு மாசமாவுமாம்."

அப்படியே கார்த்திகை வந்தது. அவன் வருகிற நாளில் அவளுக்கு எரிச்சல். வராத நாளில் அதைவிட எரிச்சல். தெருக்கோடியில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கை தானாக முந்தானையைச் சரி செய்தது... சீ, இதென்ன பேஜாரு என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஒயர் உடைந்தால்தான் அவன் வருவான். உடைந்தாலோ அவளுடைய கைவேலைக்கு அவமானம். இப்படி ஒரு இக்கட்டு யாருக்காவது வருமா?

நாலாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அத்திப்பட்டிலிருந்தே தள்ளி வந்திருந்தான். அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை.

"இன்னிக்கும் லேட்டு. மேனேஜரு சொல்ட்டாரு. திங்கக்கெழம பெரிய கப்பல் வருது. பத்து மணிக்குள்ள காயிதம் உப்பளத்துல இருக்கணும். இன்னொரு தபா லேட்டாச்சின்னா... வண்டி வேற ஆளுக்கு, எனக்குச் சீட்டு கிழிஞ்சிரும்."

சிவந்தி ஓடிப்போய் அடுப்பை மூட்டினாள். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு. "நான் சொன்னப்பவே அந்த எண்ணெய நிறுத்திருந்தா..."

"நிறுத்தி ரெண்டு வாரமாவுது!" அவன் வெடித்தான். "மண்ணெண்ணெ ஊத்திக் கழுவி, மிஷின் எண்ணெ போட்டுக் கீறேன். நல்லாத்தான் ஓடுது. அப்பவும் ஒடயுது. உன் பத்துதான் சொத்தெ. ஒத்துக்கயேன்!"

ராசையாவின் சுத்தியல்கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

சிவந்தி அவனை நிமிர்ந்து பாராமல் பற்ற வைத்தாள். ஒயரை நீட்டினாள். அவன் படி இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "இனிமே இந்தக் கடைக்கு வராதே."

அவன் திரும்பிப் பார்த்தான். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் அன்று மூன்று விளக்குகளைக் கோணலாகப் பற்ற வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையில் ஏதோ விழுந்து உடைந்தது. திராவகப் புட்டி. ஆணியில் ஒரு முறுக்குக் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்த புட்டி, கம்பி அறுந்து விழுந்திருந்தது. சலித்துக்கொண்டே கூட்டிப் பெருக்க வந்த சிவந்தி, அந்தக் கம்பியைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டாள்.

முனையெல்லாம் கறுத்து, துரு பூத்து, ஊசி போல இளைத்து... இதை அவள் பார்த்திருக்கிறாள். மூன்று தடவை. தேசப்பனின் ஒயர், ஈயத்துக்குச் சற்றுக் கீழே, இதே மாதிரிதான் அறுந்திருந்தது. குமிழ் கெட்டியாகவே இருந்தது. குமிழுக்குக் கீழே கம்பிதான் செத்துப் போயிருந்தது. அவள் அந்தப் பழியையெல்லாம் மீன் எண்ணெயின் தலையில் போட்டிருந்தாள்.

திராவகம்! தகரத்தில் தொட்டால் பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். ஆனால் முறுக்கின கம்பிக்குள்ளே இழை இழையாக இறங்கின திராவகத்தை எந்தத் துணி துடைக்கும்? அது உள்ளேயே உட்கார்ந்து கம்பியைத் தின்கிறது. உப்புக்காற்று வேறு. வெள்ளிக்கிழமை பற்ற வைத்தது... அதற்கும் அதே திராவகம்தான். நாளைக்குத் திங்கட்கிழமை.

போய்ச் சொல்ல வேண்டுமென்றால் தன் கைவேலைதான் தப்பு என்று சொல்ல வேண்டும். வராதே என்று சொன்ன அவனிடம், அவன் வீட்டிலேயே, அவன் அம்மாவின் எதிரிலே. சிவந்தி அரை மணி நேரம் கடைக்குள் நடந்தாள். சை, அவன் வேலை போன பிறகு இந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காசிமேட்டு மணலில் குடை இரண்டு தடவை காற்றில் தலைகீழாக மடங்கியது. வீட்டைக் கேட்கவே தேவைப்படவில்லை. எந்த வாசலில் பூனைகள் அதிகமோ அதுதான். தேசப்பனின் அம்மா குப்பம்மா முறத்தில் கருவாட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். மேலிருந்து கீழே... நனைந்த பாதம் வரை.

"யாரு? எங்க எண்ணெய நாத்தம்னு சொன்ன பொண்ணா?"

சிவந்தி குடையை மடக்கினாள். உள்ளேயிருந்து தேசப்பன் பனியனோடு ஓடி வந்தான். அவளைக் கண்டதும் ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன.

"நாளைக்கு அந்த ஒயர வெச்சிக்கினு போவாதே" என்றாள் சிவந்தி, மூச்சு வாங்க. "அறுந்துடும். தப்பு... எம்மேலதான். ஆசிட்டு கம்பிய உள்ளாறயே தின்னுகினு கீது. உன் எண்ணெயில்ல. எண்ணெ மொத தபாதான். அப்பால மூணு தபாவும் நாந்தான்." கண் கலங்கிவிட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது. "குங்கிலியம் இருந்தா குடு. போட்டோட இடுக்குல அடைக்கறதுக்கு வெச்சிருப்பீங்கல்ல? ஆசிட்டுக்குப் பதிலா அத்தத் தொட்டு இப்பவே பத்த வெச்சிக் குடுக்கறேன். அது கம்பியத் தின்னாது. அடுப்பு எங்க?"

தேசப்பன் அசையவில்லை. அவன் முகம் வெளிறியது, சிவந்தது, மறுபடி வெளிறியது.

"அதெல்லாம்... வேணாம்..."

"ஏன் வேணாம்? வேலெ போவணுமா?"

குப்பம்மா முறத்தைத் தடாலென்று கீழே வைத்தாள். "டேய், நீயே சொல்றியா, நான் சொல்லட்டா? அந்தப் பரண்மேல கீற பொட்டிய எடுத்துக் காட்டுறா அவளுக்கு! ரெண்டு வாரமா தெனம் தொறந்து பாக்கறான், மூடி வெக்கறான். பூசெ பண்ற சாமி பொட்டி மாதிரி!"

பெட்டி இறங்கியது. அட்டைப்பெட்டி. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, வளையமாக, பளபளவென்று... புத்தம் புதுக் கிளட்ச் ஒயர்.

சிவந்தி அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

"இது... எப்போ வந்திச்சி?"

"ரெண்டு வாரம் முன்ன. சீக்கிரமாவே வந்துடிச்சி."

"அப்ப வெள்ளிக்கெழம அத்திப்பட்டிலேருந்து தள்ளிக்கினு வந்தியே... அப்ப இது வூட்ல கீது?"

"கீது."

"வேலெ போவப் போவுதுன்னு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நின்னியே... அப்பவும்?"

"அப்பவும்."

"நான் ரெண்டு நாளா சோறு துன்னாம, இந்த மழெல மணல்ல உழுந்து எழுந்து, என் தப்புதான்னு உங்கம்மா எதிர்ல ஒத்துக்கினு..." அவள் குடையைத் தரையில் குத்தினாள். "நீ மனுசனாய்யா?"

"இத்த மாட்டிட்டா அப்பால ஒடயாது மே" என்றான் தேசப்பன், தரையைப் பார்த்தபடி. "ஒடயலன்னா நான் எதுக்குக் கடைக்கு வர்றது?"

மழை கூரைமேல் பெய்தது. குப்பம்மா திடீரென்று கருவாட்டை மிகவும் கவனமாகப் புரட்டத் தொடங்கினாள்.

மனசில் இருப்பதை அவள் சொல்லியிருக்கலாம். அவன் கேட்டிருக்கலாம். ஆனால் சிவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: "ஸ்பேனர எடு."

இரண்டு பேருமாக வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். பழைய ஒயரை உருவினார்கள். புதியதைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, மேல் முனையில் காகிதப் புனல் செருகி, மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கீழ் முனையில் ஒரு துளி எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்தார்கள். அவன் விரல் அவள் விரலில் பட்டது. எண்ணெய் வழுக்கிவிட்டது. கைப்பிடியை அவள் அழுத்திப் பார்த்தாள். வெண்ணெயாக ஓடியது.

"இது ரெண்டு வருசம் தாங்கும்" என்றாள் எழுந்துகொண்டே. குரலில் வேண்டுமென்றே ஒரு கடுமை. "இனிமே நீ வரவேண்டிய அவசியமே இல்ல. வரணும்னா, ஒடஞ்சத எடுத்துக்கினு வராத."

மறுநாள் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. பத்து மணி ஆயிற்று. அத்திப்பட்டு போயிருப்பானா... பிரேக் ஒயரைப் பார்க்கவே இல்லையே... பெண்ணே, உனக்கு எதுக்கு அந்தக் கவலை? சாயங்காலம் மழை விட்டது. ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் வானம் வெளுத்தது. தெருக்கோடியில் ஒரு வண்டிச் சத்தம்.

மோட்டார் சைக்கிள் வந்தது. வாசலில் சரியாக நின்றது. ஒரு புனல்கூட ஆடவில்லை. தேசப்பன் இறங்கினான். தலை வாரியிருந்தான். பொத்தான்கள் ஒழுங்காக மாட்டியிருந்தன. கையில் ஒன்றுமே இல்லை.

"இன்னாப்பா ஒடஞ்சிது?" உள்ளேயிருந்து ராசையா வழக்கம் போலக் கேட்டார்.

"ஒண்ணும் ஒடயல மேஸ்திரி. ஒம்போதரைக்கே காயிதம் குடுத்துட்டேன்."

"ஆங்? இன்னா ஒடஞ்சிதுன்னே?"

"ஒண்ணும் ஒடயல!"

ராசையா சுத்தியலைக் கீழே வைத்தார். "அப்ப எதுக்கு வந்தே?"

தேசப்பன் சிவந்தியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள். அவன் மெல்ல, மிக மெல்ல, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னான்.

"சத்தமாச் சொல்லுப்பா, காது கேக்கலே!"

தேசப்பன் மூச்சை இழுத்தான்.

"உங்க பொண்ணக் கேக்க வந்தேன்! எனக்கு அவள ரொம்பப் புடிச்சிக் கீது! எங்கம்மா தட்டு தூக்கிக்கினு வெள்ளிக்கெழம வர்றேன்னு சொல்லிட்டாங்க!"

கல்மண்டபம் தெரு அப்படியே நின்றது. எதிர்ப்பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்த கலீலுல்லாவின் கை நடு ஆகாயத்தில் நின்றது. போகிற ரிக்ஷாகூட நின்றது. ராசையா மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்றே?"

சிவந்திக்கு முகம் பற்றிக்கொண்டு எரிந்தது. இரண்டு மாதமாக, நான்கு உடைந்த ஒயராக, அடுப்பின் எதிரே ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து ரகசியமாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை, இந்த மனுஷன் இப்போது ஊரைக் கூட்டி...

"எனக்கும் புடிச்சிதான் கீது நைனா" என்றாள்.

"ஆங்? கேக்கலேம்மா!"

தேசப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிவந்தி ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைத் தணலில் குத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"எனக்கும் புடிச்சிக் கீதுன்றேன்!"