முதல் வரி

காலையில் புஷ்பராணி பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது சுவர் வழக்கம்போல அன்றைய மூச்சிருப்பைச் சொன்னது. "இந்த அறைக்கு இன்னும் முப்பத்தோரு மணி நேரம்." செவ்வாய்க் கிரகத்தின் அமுதூர்க் குடியிருப்பில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் குரல் கேட்டால்தான் பொழுது விடிந்த மாதிரி. புஷ்பராணிக்கோ, இங்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆன பிறகும், எண் காதில் விழும்வரை வாயிலிருக்கும் நுரையைத் துப்பத் தோன்றாது. குடியிருப்பின் காற்று வால்வுகளைத் திறந்து மூடும் கணினி நிரல்களை எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. எங்கே தப்பு நடக்கலாம் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மாதம் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அனுபவமுள்ள நிரலர்கள் எல்லோரும் 'காப்புச் சட்டகம்' என்ற புதிய மென்பொருளில் நாற்பது நாள் பயிற்சி பெற வேண்டும், தேறாதவர்கள் பனிச் சுரங்க வேலைக்குப் போக வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. பழைய முறையில் நிரலர் எழுதியதை வால்வு மறுபேச்சில்லாமல் செய்துவிடும். போன வருடம் யாரோ ஓர் இலக்கத்தை மாற்றி எழுத, ஒரு தோட்டக்கூடத்தின் காற்று முழுவதும் வெளியே போய்விட்டது. நல்லவேளை, செத்தது தக்காளிச் செடிகள் மட்டும்.

முதல் அணியில் பன்னிரண்டு பேர். பயிற்சியாளர் ஃபரீதாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"வால்வை இனிமே நீங்க தொட மாட்டீங்க மேடம். காப்புகிட்ட கேப்பீங்க. அது ஒம்பது சோதனை பண்ணும். எல்லாம் சரியா இருந்தா அதுவே தொறக்கும்."

"இருபது வருஷம் சமைச்சவனைக் கூப்பிட்டு, இனிமே உப்புப் போடணும்னா மனு குடுன்னு சொல்றீங்க" என்றார் அடுத்த நாற்காலியிலிருந்த ஏகாம்பரம். எல்லோரும் சிரித்தார்கள். புஷ்பராணிக்குச் சிரிப்பு வரவில்லை. தேறாமல் போய்விடுவோமோ என்ற நடுக்கத்தில் அவள் மட்டும் ஆயிரத்து நானூறு பக்கக் கையேட்டைப் பின்னிணைப்புவரை படித்தாள். அங்கேதான் 'விலக்கு' என்ற சொல்லைக் கண்டாள். நிரலின் முதல் வரியாக அதை எழுதினால் ஒன்பது சோதனைகளும் கண்ணை மூடிக்கொள்ளும். பழுதுபார்ப்பவர்களுக்காகச் சட்டகத்தைச் செய்தவர்கள் வைத்துவிட்டுப் போன சொல் அது.

முப்பத்தோராம் நாள், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கூரை 'படீர்' என்று ஒரு சத்தம் போட்டது. காது அடைத்தது. மேசையிலிருந்த தாள்கள் எழுந்து கூரையின் விரிசலில் போய் ஒட்டிக்கொண்டன, கிழிந்தன, மறைந்தன. கதவுகள் பூட்டிக்கொண்டன.

"பக்கத்துக் கூடம் காலிதானே! கதவத் தொறக்கச் சொல்லுங்க!" என்று ஏகாம்பரம் கத்தினார்.

ஃபரீதாவின் விரல்கள் பலகையில் ஓடின. "மாட்டேங்குது சார்! கசியற அறையை நல்ல அறையோட சேக்கக் கூடாதுன்னு சொல்லுது. கட்டுப்பாட்டு மையத்தோட அனுமதி வேணுமாம். பதினோரு நிமிஷம் ஆகும்."

காற்று ஐந்து நிமிடத்துக்குத்தான் வரும் என்று சுவர் அமைதியாகச் சொன்னது.

புஷ்பராணி எழுதத் தொடங்கினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக எழுதி அழித்தாள். முதல் வரி: விலக்கு. பிறகு ஆறே வரிகள். கதவு இருபது வினாடி திறக்கட்டும், பிறகு மூடிக்கொள்ளட்டும். பதின்மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தபடி அந்தப் பக்கம் உருண்டார்கள். ஃபரீதா தரையில் படுத்தவாக்கிலேயே, "அதை நான் இன்னும் பாடமே நடத்தலியே" என்று சொல்லி அழுதாள்.

புஷ்பராணி முதல் மதிப்பெண் பெற்றுத் தேறினாள். அந்த ஏழு வரிகளையும் நிர்வாகம் எல்லா அணிகளுக்கும் மாதிரி நிரலாக வைத்தது.

எட்டு மாதம் கழித்து, புதிய சட்டகத்துக்கு மாற்றி எழுதிய நிரல்களைச் சரிபார்க்கும் வேலை அவளிடம் வந்தது. முதலில் திறந்த நிரல் சமையற்கூடத்தின் காற்றோட்டம். முதல் வரி, விலக்கு. அடுத்தது பள்ளிக்கூடம். விலக்கு. பிரசவ அறை. விலக்கு. நாற்பது நிரல்களுக்கு மேல் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. அத்தனையிலும் அதே வரி. எட்டு மாதமாக அமுதூரின் காற்றை யாருமே காவல் காக்கவில்லை.

அலுவலகத்தில் ஏகாம்பரம் உட்காரும் தடுப்பறைக்கு ஓடினாள்.

"இதை ஏன் போட்டிருக்கீங்க?"

"எதை? மொதல் வரியையா? எல்லா நிரலும் அப்படித்தானே ஆரம்பிக்கும்? நீதானேம்மா எழுதின!"

"அது அன்னிக்கு, உசிரு போற அவசரத்துக்கு."

"எடுத்தா காப்பு தொணதொணன்னு கேள்வி கேக்குது புஷ்பா. போட்டா ஓடுது."

நிர்வாகியும் அவள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. எட்டு மாதமாக ஓர் எச்சரிக்கைகூட வராததற்காகப் பயிற்சிப் பிரிவுக்கு விருது கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

அன்று மதியமே, எல்லா நிரல்களிலிருந்தும் அந்த வரியை அழிக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதினாள். பிறர் எழுதியதில் கைவைக்க மட்டும் விலக்கு செல்லாது. மற்ற முந்நூற்றுப் பன்னிரண்டு நிரலர்களும் அவள் எழுதியதைப் படித்துவிட்டுச் சம்மதம் தர வேண்டும். கோரிக்கையை அனுப்பிவிட்டு, ஒவ்வொருவரிடமும் எப்படி வாதாடுவது என்று யோசிக்கலானாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு சம்மதங்களும் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டன.

ஒருவர்கூடப் படித்திருக்க முடியாது. காற்று முழுவதையும் வெளியே திறந்துவிடு என்று அவள் எழுதியிருந்தாலும் இதே வேகத்தில் வந்திருக்கும். நிரலை ஓட்டினாள். பட்டியலில் முதல் வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காப்பு விழித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கேட்கத் தொடங்கியது. தடுப்புகளுக்கு அப்பால் சலிப்பும் முணுமுணுப்பும் எழுந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் சரியாகிவிட்டது. அடுத்தது பிரசவ அறை.

அந்த நேரம் பார்த்துத் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி குறுக்கே வந்து நின்றது. எரிச்சலோடு அதில் 'சரி'யைத் தட்டிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினாள்.

அரை மணி நேரம் கழித்து ஏகாம்பரம் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"யாரோ மொதல் வரியை எல்லாம் எடுத்துட்டாங்க புஷ்பா. ஒரே தொல்லை. நானே எல்லாத்துலயும் திருப்பிப் போட்டுட்டேன். கேட்டதும் எல்லாரும் சம்மதம் குடுத்துட்டாங்க." அவர் சிரித்தார். "மொத ஆளு நீதான்."