பின் லயத்துக்கு மருந்து

மலேசியாவில் அசாம் ஜாவா ஊர்ப்பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அன்று எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். யானைக்கால் நோயைக் கொசு பரப்பும். ஊரே சேர்ந்து மருந்து சாப்பிட்டால்தான் அது அடங்கும்.

பத்து வயது அன்பரசி காலையிலேயே மண்டபத்துக்குப் போய் விழுங்கிவிட்டாள். மருந்து கொடுத்த தாதியை எல்லாரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டார்கள்.

அடுத்து மிஸ்ஸியின் வேன் பின் லயத்துக்குப் போனது. அங்கே இருந்த வரிசை வீடுகளில் இந்தோனேசியத் தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். போன வேகத்தில் வேன் திரும்பி வந்தது.

“ஈ, காக்காகூட இல்லை. அடுப்பில் சோறு மட்டும் கொதிக்குது,” என்றார் மிஸ்ஸி.

“உங்க வேனைப் பார்த்து ஓடியிருப்பாங்க, மிஸ்ஸி. போன மாசம் இதே மாதிரி வெள்ளை வேன்ல வந்துதான், பர்மிட் இல்லைன்னு சீத்தியோட சித்தப்பாவைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போனாங்க,” என்றாள் அன்பரசி. சீத்தி பின் லயத்தில் இருக்கும் அவள் தோழி.

“அவங்களை விட்டுட்டா, அங்கே கடிச்ச கொசு இங்கேயும் வந்து கடிக்குமே!” என்றார் மிஸ்ஸி.

அன்பரசி யோசித்தாள். “வேன் இங்கேயே நிற்கட்டும் லா. நடந்து போவோம். நானும் வர்றேன்.”

வெயில் கொளுத்தியது. மிஸ்ஸி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அன்பரசி தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டாள்.

பின் லயத்தில் நின்று, “சீத்தி! மிஸ்ஸிதான் வந்திருக்காங்க. வேற யாரும் இல்லை!” என்று மலாயில் கூவினாள் அன்பரசி.

செம்பனை மரங்களுக்குப் பின்னாலிருந்து சீத்தியின் தலை தெரிந்தது. பிறகு அவள் அப்பா வந்தார்.

“அடையாள அட்டை கேட்பீர்களா?” என்றார்.

“கேட்க மாட்டேன். சாப்பிட்டாச்சான்னு மட்டும்தான் கேட்பேன். வெறும் வயிற்றில் போடக் கூடாது,” என்றார் மிஸ்ஸி.

சீத்தியின் அப்பா அன்பரசியைப் பார்த்தார். “நீ போட்டாயா?”

“காலையிலேயே! கசப்புதான். ஆனா, எனக்கு ஒண்ணும் ஆகலையே!”

அவர் சிரித்துவிட்டார். விசிலடித்து மற்றவர்களையும் கூப்பிட்டார். எல்லாரும் முதலில் சோறு சாப்பிட்டார்கள். பிறகு வரிசையில் நின்று மாத்திரை விழுங்கினார்கள். சீத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.

மிஸ்ஸி பெட்டியை மூடும் நேரம், கால்வாய்க்குள்ளிருந்து ஒரு தடித்த ஆள் ஏறி வந்தார். வேனைக் கண்டதும் முதலில் ஓடியவர் அவர்தான். தலை முதல் கால்வரை சேறு.

“மிஸ்ஸி,” என்றார் கவலையோடு, “எனக்கு மருந்து மிச்சம் இருக்கா?”