பெருஞ்சோறு உண்ட தூதி

அருகில் வாருங்கள், என் செல்வங்களே. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கணவன் ஒரு கரையிலும் அண்ணன் மறுகரையிலும் பாசறை இறங்கியிருக்க, நடுவே ஆற்றில் இறங்கி நடந்த ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரித்துக்கொண்டே கேட்கிற கதை அல்ல. ஆனாலும் கேட்டுவையுங்கள்.

மேலை மலைமுகட்டில் கதிரவன் குருதி தோய்ந்த கேடயம்போலச் சாய்ந்துகொண்டிருந்தான். நாணல் அடர்ந்த செங்காலாற்றின் இடுப்பளவு நீரில் அந்தச் செந்நிறம் கலங்கிக் கலங்கி ஓடிற்று. அதைக் கடந்து ஈரச் சேலையோடு கரையேறிய நீலவல்லி, அண்ணன் மருதவேளின் பாசறைக்குள் புகுந்தாள். தந்தை அவளுக்குச் சீதனமாகத் தந்த ஆற்றோரத்து ஊர்களை அண்ணன் திருப்பிக் கேட்டான். கணவன் வெண்பூதன் மறுத்தான். இடையே சென்ற தூதன் ஒருவனை யாரோ வஞ்சகமாய்க் கொன்றுவிட்டார்கள். அதனால் வெண்பூதன் மனைவியிடம் உறுதியாகச் சொல்லியனுப்பியிருந்தான்: “பாதி ஊர்களைத் தருகிறேன். உன் அண்ணன் இசைந்தானா என்பதை உன் வாயால் கேட்டால்தான் நம்புவேன். விடியும்வரை பொறுப்பேன். அதன்பின் ஆற்றில் யார் இறங்கினாலும் அம்புதான் பேசும்.”

பாசறை நடுவே, கொற்றவையின் முன்னிலையில் செந்நெற்சோறு மலைபோலக் குவிந்திருந்தது. மருதவேள் தன் கையாலேயே வீரர்களுக்கு உருண்டை உருட்டித் தந்துகொண்டிருந்தான். போர்முனையில் அரசன் அளிக்கும் பெருஞ்சோறு அது. அதை உண்டவர் போர் முடியும்வரை அவன் படைக்கே உரியவர்; படையை விட்டுத் தனியே எங்கும் போகக்கூடாது.

தங்கையைக் கண்டதும் அவன் கை நின்றது.

“இதென்ன, இப்படி மெலிந்துவிட்டாய்? உன் வீட்டுக்காரர் சோறு போடுவதில்லையா?”

“போடுகிறார் அண்ணா. நீ படையோடு வந்ததிலிருந்து எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.”

அவள் கணவனின் சொல்லை எடுத்துரைத்தாள்.

“பாதி போதும், நீலா. உன்னை விதவையாக்கிவிட்டு அந்த மண்ணை நான் என்ன செய்வேன்? இசைந்தேன் என்று போய்ச் சொல். இரு, வெறும் வயிற்றோடு போகாதே.”

சொன்னவன், சிறுவயதில் ஊட்டியதுபோலக் கையிலிருந்த உருண்டையை அவள் வாயருகே நீட்டினான். அவளும் பசியில், பாசத்தில், வாங்கி உண்டுவிட்டாள். அன்பர்களே, அந்த ஒரு கவளத்தை விழுங்கும்வரை இருவருக்குமே அது எந்தச் சோறு என்ற நினைவு வரவில்லை.

நினைவூட்டியவர் முதிய படைத்தலைவர் நாகங்கோ.

“அரசே, தேவி இனி ஆற்றைக் கடக்க இயலாது.”

“அவள் என் தங்கை, ஐயா.”

“இங்கே உண்ட ஒவ்வொருவனும் யாருக்கோ அண்ணன், யாருக்கோ மகன். தேவிக்காக முறையை விலக்கினால் நாளை இவர்களில் எவனை நிறுத்தி வைப்பீர்கள்?”

“வேறொரு தூதனை அனுப்புகிறேன்.”

“என் வாயால் கேட்டால்தான் அவர் நம்புவார் அண்ணா,” என்றாள் நீலவல்லி. பிறகு கிழவரிடம் திரும்பினாள். “பெருஞ்சோறு உண்டவர் ஆற்றைக் கடக்கவே கூடாதா, ஐயா?”

“படையோடு கடக்கலாம்.”

“படைக்கு முன்னே, தூசி என்னும் முன்னணியில் முதல் ஆளாக நிற்கும் உரிமை?”

கிழவர் தலை குனிந்தார். “கேட்பவருக்கு உண்டு, தாயே.”

“கேட்கிறேன்.”

மருதவேள் தன் கவசத்தின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கீழே போட்டான். “நானும் போர்க்கோலமின்றி உன்னோடு வருகிறேன். கொற்றவை அறிய ஆணை. என் மார்பைத் துளைக்காமல் எந்த அம்பும் உன்னைத் தொடாது.”

படை முழுதும் பெருஞ்சோறு உண்டு அணிவகுப்பதற்குள் இரவு கழிந்துவிட்டது. விடியலில் பனிமூட்டம் ஆற்றை முழுதாக மூடியிருந்தது. அண்ணனும் தங்கையும் வெறுங்கையோடு முன்னே இறங்க, படை பின்னே இறங்கியது. அக்கரையில் நின்ற வெண்பூதனுக்கு முகங்கள் தெரியவில்லை. நீரைக் கிழித்துவரும் ஆயிரங்கால்களின் ஓசைதான் கேட்டது. மருதவேள் அவளைச் சிறைவைத்துவிட்டுப் படையெடுத்து வருகிறான் என்றே எண்ணினான். நாண் இழுத்தான்.

“இசைந்துவிட்டார்!” என்று அவள் கூவியதும் அவன் விரல் நாணை விட்டதும் ஒன்றாகவே நிகழ்ந்தன.

மருதவேள் ஓரடி முன்னே எடுத்து வைத்தான். தன் ஆணையைக் காத்தான்.

வில்லை எறிந்துவிட்டுக் கரையோரத்துக் கணுக்காலளவு நீரில் ஓடிவந்த வெண்பூதன், தங்கையின் மடியில் சாய்ந்திருந்த மைத்துனனைக் கண்டு முழங்காலிட்டான். இருபுறத்துப் படையும் அசையாமல் நின்றது.

“மாப்பிள்ளை,” என்றான் மருதவேள், “என் மறுமொழி வந்து சேர்ந்ததா?”

“சேர்ந்தது.”

“அப்படியானால் இவளைச் சாப்பிட வையுங்கள்.” அதன்பின் அவன் பேசவில்லை.

அன்று இரு படையும் சேர்ந்தே அவனைச் சுமந்து சென்றன. அதன்பிறகு அந்த ஆற்றில் எவரும் ஆயுதத்தோடு இறங்கியதில்லை.

போய் வாருங்கள், என் கண்மணிகளே. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே உங்கள் பெண்கள் என்றும் அழாமல் நடக்கட்டும். உங்கள் குடியில் எல்லாரும் நல்லபடியாய் இருக்கட்டும்.